கையெழுத்து இக்கரையில், முத்திரை அக்கரையில்

அந்தத் திட்டம் எங்கள் அரச கந்தோருக்கு வந்தபோது அதில் திகதி இருக்கவில்லை. மற்றவர்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்கள். நான் முதலில் வலதுபக்க மேல்மூலையைப் பார்த்தேன்; வெறுமையாகக் கிடந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதிவருகிற எனக்கு அது சோற்றில் கடிபட்ட கல். ஆகவே கச்சான் காற்று அடங்கி வாடை தொடங்காத இடைநாட்களில் அது வந்தது என்று மட்டும் எழுதிவைத்தேன்.

என்னிடம் மற்றத் திகதிகள் எல்லாம் இருக்கின்றன. இங்கே அவற்றை எழுதப்போவதில்லை. இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் நடமாடுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு திகதி கிடைத்தால் ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்தம், திருகோணமலை. வாசிக்கிறவர்களுக்கு இவ்வளவும் போதும்.

திட்டத்தின் தலைப்பு நீளமானது. அவசர நிலைகளில் அரச சேவை தடைப்படாமல் தொடர்வதற்கான ஏற்பாடுகள். கந்தோரைத் திறக்க முடியாமற் போனால் ஒவ்வொரு பிரிவும் எங்கே இருந்து, யாரைக் கொண்டு, எதை வைத்து வேலை செய்யும் என்று எழுதி அனுப்ப வேண்டும். எங்களுடையது பிறப்பு, விவாகம், இறப்புப் பதிவுகள் இருக்கும் பிரிவு. கேட்டு வருகிறவருக்குப் பழைய பதிவைத் தேடி எடுத்து, பிரதி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்போம். சமாதான காலத்தில் தூங்கிவழிகிற பிரிவு அது. யுத்தத்தில் எங்களைப்போல வேலை வேறு எவருக்கும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்து வருகிறவர்கள் பானையைக் கொண்டுவருவார்கள், தையல் மெசினைக்கூடத் தலையில் சுமந்து வருவார்கள். கடதாசிகள் மட்டும் எங்கோ தவறிப்போயிருக்கும்.

பிரிவில் நாங்கள் மூன்று பேர். பிரதம லிகிதர், நான், குடாவுக்கு அக்கரையிலுள்ள மூதூரிலிருந்து நாள்தோறும் லோஞ்சுப் படகில் வந்துபோகிற, நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெண். பிரதிகளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு. முத்திரை அந்த மிஸ்ஸின் பொறுப்பு. அது மை முத்திரையல்ல, புடைப்பு முத்திரை. பெரிய பாக்குவெட்டி மாதிரி இரும்புப் பிடி, கனமானது. கடதாசியை இடையில் வைத்து அமத்தினால் எழுத்துகள் வட்டமாக மேலெழும்பி நிற்கும். வெளிச்சம் சரியாக இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் தெரியும்.

கையெழுத்தும் முத்திரையும் ஒருவரிடம் இருக்கக்கூடாது என்பது பிரதம லிகிதரின் மதம். முன்பு வேலை செய்த வேறோர் ஊரில் இரண்டையும் வைத்திருந்த ஒருவர் இல்லாத மனிதர்களுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததை அவர் கண்டிருக்கிறார். "ரெண்டும் ஒரு கையில இருந்தால் அந்தக் கை நீளும், ஐசே" என்பார். கந்தோரில் எனக்கு ஓர் அலுமாரி, மிஸ்ஸுக்கு ஓர் அலுமாரி. ஒன்றின் திறப்பு மற்றதற்குப் பொருந்துகிறதா என்று அவரே போட்டுப் பார்த்தவர்.

திட்டம் எழுத உட்கார்ந்த அன்று அவர் அந்த விதியைத்தான் முதலில் எழுதினார். வீட்டிலிருந்து வேலை செய்தாலும் கையெழுத்தும் முத்திரையும் ஒரு கூரையின் கீழ் இருக்கலாகாது.

"நீர் ஓர்ஸ் ஹில்லில. மிஸ் மூதூரில. இதைவிடத் திறமான ஏற்பாடு கிடைக்குமோ?" என்றார்.

"சேர், அப்ப கடதாசி எப்பிடி வந்துபோறது?" என்று மிஸ் கேட்டாள்.

"லோஞ்சிலதான். காலமை போனால் பின்னேரம் வரும். உம்மைவிடக் கடதாசி நேரத்துக்கு வரும், பிள்ளை."

"நானும் லோஞ்சிலதானே சேர் வாறனான். லோஞ்சு பிந்தினால் கடதாசியும் பிந்தும்."

நாங்கள் சிரித்தோம். மூவரும் ஒப்பமிட்டோம். முற்றுகைகளைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். கோட்டைக்குள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தானியம், எந்த வாசல் பலவீனம் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். முத்திரைக் காவலர் மதிலுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று எவரும் எழுதியதாக நினைவில்லை. நாங்களும் அதை யோசிக்கவில்லை. கந்தோரைப் பூட்டுவார்கள் என்று எதிர்பார்த்து எழுதினோம். கடலைப் பூட்டுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் லோஞ்சு வந்துகொண்டிருந்ததால் எங்கள் மனதில் மூதூர் அடுத்த தெருவாக இருந்தது.

வாடை தொடங்கி மழை பிடித்த வாரத்தில் கந்தோர் வீதியை மறித்துவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள். எப்போது திறக்கும் என்பதற்குப் பதில் இருக்கவில்லை. திட்டத்தின்படி நடக்குமாறு உத்தரவு வந்தது. தட்டச்சுப் பொறியையும், அதிகமாகக் கேட்கப்படும் ஊர்ப் பிரிவுகளின் பதிவுப் புத்தகங்கள் அடங்கிய ட்ரங்குப் பெட்டியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்த வீட்டுக்கு வந்தேன். வழியில் சென்றிக் காவலரணில் நின்ற சிப்பாய் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தைப் புரட்டினான்.

"இது என்ன?"

"பிறந்த ஆக்கள்."

இன்னும் சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு பேரா?" என்று கேட்டு மூடினான்.

எங்கள் வீட்டு விறாந்தை கந்தோராயிற்று. ஒரு மேசை, இரண்டு கதிரை, நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கு. கடமைக்கு வந்ததை நான் என் வீட்டிலேயே வரவுப் பதிவில் ஒப்பமிட வேண்டியிருந்தது. பிரதம லிகிதர் பக்கத்துத் தெருக்காரர். மழையோ வெயிலோ காலையில் குடையோடு வந்து, வழமைபோல வரவுப் பதிவில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போவார்; கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டால் பிந்தி வந்ததாகக் கணக்கு. ஒருநாள் நான் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது கோடு விழுந்துவிட்டது.

"படுக்கையிலயிருந்து விறாந்தைக்கு வாறதுக்கே லேட்டோ?" என்று மனைவி கேட்டாள். "பஸ் பிந்திப்போச்செண்டு எழுதிக் குடுங்கோவன்."

அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் அகதி முகாமாகியிருந்ததால் வீட்டில்தான் நின்றாள். முதலில் முணுமுணுத்தாள். "இஞ்சேருங்கோ, கந்தோர் எண்டால் நாலு மணியோட முடியவேணும். இது குசினிக்குள்ளயும் வருது." உண்மைதான். வருகிறவர்கள் வேண்டாம் என்றாலும் செருப்பைப் படியடியில் கழற்றிவிடுவார்கள். தண்ணீர் கேட்பார்கள். தண்ணீரோடு கதை தொடங்கும். சில நாட்களில் அவளே வாசலில் நின்று விசாரிக்கத் தொடங்கினாள். "பிறப்போ, கலியாணமோ, இறப்போ?" பிறப்பும் கலியாணமும் வாங்கில் இருக்கலாம். இறப்பு என்றால் உள்ளே கூட்டிப்போய்க் கதிரை கொடுத்து, முதலில் தேத்தண்ணி கொடுப்பாள். அப்படி ஓர் ஒழுங்கு எந்தத் திட்டத்திலும் இருக்கவில்லை.

வேலை நடந்தது. நான் எழுதிக் கையெழுத்திட்ட பிரதிகள் பொலித்தீனில் சுற்றப்பட்டுக் காலை லோஞ்சில் மூதூருக்குப் போயின. மிஸ் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து முத்திரை குத்திப் பின்னேர லோஞ்சில் திருப்பி அனுப்பினாள். சில நாட்களில் கட்டோடு ஒரு துண்டும் வரும். 'நாலாவது பிரதியில் தகப்பன் பெயர் விட்டுப்போயிருக்கு சேர். வீட்டில் இருக்கிறபடியால் நித்திரையோ?' பிரதம லிகிதர் அந்தத் துண்டுகளை வாசித்து மகிழ்ந்தார். இரண்டு கைகள், நடுவில் ஒரு கடல், ஒரு பிழையும் தப்பாது. தன் திட்டத்தை மற்றப் பிரிவுகளும் பின்பற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதவும் நினைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை லோஞ்சு ஓடவில்லை. அக்கரையில் சண்டை என்றார்கள். கிண்ணியாப் பக்கத் தரைவழியும் மூடப்பட்டது. மூதூருக்குத் தொலைபேசி இல்லை. அன்றைய கட்டு பொலித்தீனோடு என் மேசையிலேயே கிடந்தது.

மறுநாள் காலை மழைக்குள் ஒரு பெண் வந்தாள். இளம் வயது. தலைக்கு மேலே உரப்பையை மடித்துப் பிடித்திருந்தாள்.

"பிறப்போ, கலியாணமோ, இறப்போ?" என்று மனைவி கேட்டாள்.

"பிறப்பு அக்கா" என்றவள், "இறப்பாகாமல் இருக்கத்தான் வந்தனான்" என்றாள். மனைவி அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள்.

கணவன் கட்டட மேசன். ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக்காரர்கள், இடம்பெயர்ந்து வந்து பாலையூற்றில் உறவினர் வீட்டில் இருந்தார்கள். வருகிற வழியில் ஆற்றைக் கடக்கும்போது அவனுடைய அடையாள அட்டை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை தேடிப் போனவனைச் சந்தி முகாமில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அடிக்கவில்லை என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். பிறப்புச் சான்றிதழை முத்திரையோடு கொண்டுவந்தால் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"வாற வெள்ளிக்கிழமை காலமை பஸ் வருமாம் ஐயா. காட் இல்லாத ஆக்களை ஏத்திக்கொண்டு தெற்குப் பக்கம் போறாங்களாம். போனால் எங்கயெண்டு தேடுவன்? எனக்குச் சிங்களமும் தெரியாது."

எங்கே என்று எனக்கும் தெரியாது. அப்படிப் போன சிலர் மாதக்கணக்கில் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

பதிவைத் தேடுவது சுலபமாக இருந்தது. அவனுடைய பிரிவுப் புத்தகம் என் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி எல்லாம் அவள் சொன்னபடியே. எழுதி, ஒப்புநோக்கிக் கையெழுத்திட்டேன். அவள் எழும்பிக் கையை நீட்டினாள்.

"இன்னும் முத்திரை குத்தவேணும், தங்கச்சி."

"குத்துங்கோவன் ஐயா."

"முத்திரை மூதூரில."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள். பகிடி விடுகிறேனா என்று அவளிடம் கேட்கிற பார்வை அது.

நான் பிரதம லிகிதரிடம் போனேன். வேறு கந்தோர் முத்திரையைக் குத்தலாமா என்று கேட்டேன். "குத்தலாம். அது கள்ளச் சீட்டு. அதோட பிடிபட்டால் அவனோட சேர்த்து அந்தப் பிள்ளையையும் ஏத்துவாங்கள்" என்றார். அவர் சொன்னது சரி. கதிரையில் இருந்து குடைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே யோசித்தார். பிறகு, "நாளைக்கு நானே வாறன். கையெழுத்து மெய்யானதெண்டு நேரில சொல்லுவம்" என்றார்.

புதன்கிழமை காலை அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவரும் நானும் அந்தப் பெண்ணுமாக முகாமுக்குப் போனோம். வாசலில் நின்றவன் கடதாசியை வாங்கினான். வாசிக்கவில்லை. பெருவிரலை என் கையெழுத்தின் மேல் வைத்து மெல்லத் தேய்த்தான். ஒரு தரம் மேலே, ஒரு தரம் கீழே. விரலில் எதுவும் தட்டவில்லை. தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிரதம லிகிதர் தன் அடையாள அட்டையைக் காட்டி, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் விளக்கம் சொன்னார். உள்ளேயிருந்து வந்த அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். "சேர், எனக்கு உங்களைத் தெரியும். பேப்பருக்குத் தெரியாது. சீல் கொண்டுவாங்க. வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் ஆள் இங்கேதான்."

திரும்பி வரும்போது பிரதம லிகிதர் கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பொக்கெற்றில் வைத்தார். அந்தப் பெண் எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தாள். மேட்டில் ஏறத் தொடங்கும்போது அவர் நின்று துறைமுகத்தைப் பார்த்தார்.

"ஐசே, அந்தக் கடல் என்ர திட்டத்தில இல்லை" என்றார்.

அவர் அங்கே நின்று பார்த்ததால்தான் வெள்ளைக் கொடி கட்டிய படகு கண்ணில் பட்டது. அக்கரையிலிருந்து கடும் நோயாளிகளை அனுமதியோடு ஏற்றிவந்து, குணமானவர்களைத் திருப்பிக் கொண்டுபோகும் படகு. கடிதம், பொதி எதுவும் ஏற்றமாட்டார்கள். நோயாளி, நோயாளியோடு ஒரு துணை, மருந்து. அவ்வளவுதான். அது பகலில் திரும்பப் போகும். வியாழக்கிழமை மறுபடி வரும்.

இருவரும் இறங்குதுறைக்கு ஓடினோம். ஓடினோம் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்; பிரதம லிகிதர் ஓடியதை அன்றைக்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. கண் ஒப்பரேஷன் முடிந்து மூதூருக்குத் திரும்புகிற ஒரு முதியவர், ஒரு கண்ணில் கட்டோடு, குந்தியிருந்தார். மிஸ்ஸைத் தெரியுமா என்று கேட்டோம்.

"கச்சேரிக் கந்தோர்ப் பக்கம் வேல செய்யிற புள்ளதானே? நம்மட பள்ளிவாசலுக்கு அங்கால. என்ன சொல்லோணும்?"

பிரதம லிகிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். அவசரகால ஏற்பாடுகளின் விதிக்கமைய முத்திரை பொறுப்பாளரின் கையை விட்டு நீங்கலாகாது ஆதலால், பொறுப்பாளர் தாமே...

"தம்பி" என்று முதியவர் மறித்தார். "எனக்கு இப்ப ஒரு கண்தான். காது ரெண்டும் இருக்கு. ஆனா நீளமாச் சொன்னா வழியில விழுந்திரும். சுருக்கமாச் சொல்லுங்க."

பிரதம லிகிதர் என்னைப் பார்த்தார்.

"முத்திரையோட நாளைக்கே வரட்டாம், ஒரு ஆளின்ர உயிர்க் காரியமெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"ம், இது போகும்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதுவது வழக்கம். எனக்கு வந்தது. மனைவிக்குத்தான் வரவில்லை. மூதூரில் சண்டை என்றால் அந்தப் பிள்ளை எப்படி இறங்குதுறைக்கு வரும், நோயில்லாதவளை எப்படிப் படகில் ஏற்றுவார்கள் என்று காலையில் என்னிடம் கேட்டாள். 

வியாழக்கிழமை விடியவே மேசனின் மனைவி வந்துவிட்டாள். என் மனைவி அவளுக்குப் புட்டு வைத்துக் கொடுத்தாள். அவள் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் பார்த்தபடி இருந்தாள். பிரதம லிகிதர் கோடு இழுக்க வந்தவர் கோட்டை இழுத்துவிட்டுப் போகவில்லை. நான் செய்வதற்கு வேலை தேடி, ஏற்கெனவே ஒப்புநோக்கிய பிரதியை மறுபடி ஒப்புநோக்கினேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. படகு வருவதைக் கண்டோம். அதன் பிறகு ஒன்றும் நடக்காமல் நெடுநேரம் போயிற்று. 

கடைசியில் ஓர் ஓட்டோ படலையடியில் வந்து நின்றது. மிஸ் இறங்கினாள். முக்காடு நனைந்திருந்தது. கையில் பனையோலைப் பெட்டி. மூடியைத் திறந்து, உள்ளே துவாயால் சுற்றியிருந்த இரும்பைக் காட்டினாள்.

"வாரும் பிள்ளை, வாரும், உள்ளுக்கு வாரும்" என்று மனைவி விறாந்தையிலிருந்து கூப்பிட்டாள்.

"வரமாட்டன் அக்கா" என்றாள் மிஸ். "கையெழுத்தும் முத்திரையும் ஒரு கூரையின் கீழ இருக்கலாகாது. சேர்தான் எழுதினவர். நானும் ஒப்பம் வச்சிருக்கன்."

அவள் பகிடியாகச் சொல்கிறாளா, மெய்யாகவே சொல்கிறாளா என்று எங்களுக்கு விளங்கவில்லை. பிரதம லிகிதருக்கும் விளங்கவில்லை. ஆனால் விதி விதிதான். அவர் எழும்பிக் குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். நான் பிரதியைச் சேர்ட்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் போனேன். படலைத் தூணின் மேல் தட்டையாக ஓர் இடம் இருந்தது. அவர் அதைக் கைலேஞ்சியால் துடைத்துக் குடையைப் பிடித்தார். மிஸ் கடதாசியை வாங்கி, முதலில் வாசித்தாள். ஒவ்வொரு வரியாக. மேசனின் மனைவி விறாந்தை விளிம்பில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சேர்" என்றாள் மிஸ், வாசித்து முடிந்ததும்.

"என்ன, பிழையோ?"

"இல்லை. குடை கூரையிலே சேருமோ?"

பிரதம லிகிதர் சிரித்து நான் கண்டது குறைவு. அன்று குடை ஆடி, தண்ணீர் என் கழுத்தில் வடியச் சிரித்தார். "குத்தும் பிள்ளை, குத்தும்!"

அவள் இரண்டு கைகளாலும் பிடியை அமத்தினாள். கடதாசியில் வட்டம் எழுந்தது. எனக்கு முன்னே பிரதம லிகிதர் பெருவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

மேசனின் மனைவி கடதாசியைப் பொலித்தீனில் சுற்றி, சட்டைக்குள் வைத்து ஓடினாள். மழைக்குள் அவள் மேட்டிலிருந்து இறங்குவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அதன் பின்புதான் மிஸ் கூரைக்குள் வந்தாள். முத்திரைப் பெட்டியைப் படலையடியில், பிரதம லிகிதரின் பாதுகாப்பில், குடையின் கீழே விட்டுவிட்டு வந்தாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே வந்த கதையைச் சொன்னாள். முதியவர் அவள் வீட்டுக்குப் போய், 'உசிர்க் காரியமாம், முத்திரையோட வரட்டாம்' என்று சொன்னதும் அவளுடைய வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் நோயாளி இல்லாமல் படகில் ஏற முடியாது. விடிய எழும்பி மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போய், துணைக்கு ஆளில்லாத நோயாளி யார் என்று கேட்டாள். புருஷன் சவூதியில் இருக்கிற ஒரு பிள்ளைத்தாய்ச்சி. குழந்தை குறுக்கே கிடந்தது. இங்கே கொண்டுவந்தே ஆகவேண்டும். கூட வரவிருந்த தாய்க்குக் காய்ச்சல். "நான் போறன் எண்டன். அந்த உம்மா என்ர தலையில கைய வச்சு துஆச் செய்தா. எனக்கு வெக்கமாப் போச்சு, அக்கா. நான் முத்திரைக்காகப் போறன், அவ மகளுக்காக எண்டு நினைக்கிறா. மறுகா படகில அந்தப் புள்ள என்ர கையப் புடிச்ச பிடியில எனக்கு முத்திரையே மறந்து போச்சு."

அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை வார்டில் சேர்த்து, சத்திரசிகிச்சைக்கு உள்ளே எடுக்கும்வரை நின்றதால்தான் இங்கு வரப் பிந்தியிருக்கிறது.

"நேவிக்காரங்கள் இரும்பைக் கண்டு ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றேன்.

"கேட்டாங்கள். இது என்ன ஆயுதமெண்டு. அவன்ட பேப்பரை வாங்கி ஓரத்தில ஒரு குத்துக் குத்திக் காட்டினன். அவனுக்குப் பிடிச்சுப்போச்சு. கிழிச்சுப் பொக்கெற்றில வச்சுக்கொண்டான்."

படலையடியிலிருந்து பிரதம லிகிதரின் குரல் வந்தது. "அரச முத்திரையைப் பத்திரிகையில குத்தினனீரோ!"

"கையெழுத்து இல்லாத இடத்தில முத்திரைக்கு என்ன பெறுமதி சேர்? நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்" என்று இவள் இங்கிருந்து கத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் வந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் வீதி தெரியாது, சத்தம் கேட்கும். பெரிய வாகனம் ஒன்று வந்து நின்று, பிறகு புறப்பட்டுப் போன சத்தத்தைக் கேட்டோம். மேசனின் மனைவி வரவில்லை. பத்து மணியாகியும் வரவில்லை, மத்தியானமாகியும் வரவில்லை. பிரதம லிகிதர் முகாம் பக்கம் போய்ப் பார்த்தார். வாசலில் வேறு ஆள் நின்றான். ஒன்றும் தெரியாது என்றான். பின்னேரம் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். அந்த நாளின் பக்கத்தில் நான் எழுதியிருப்பது ஒரே வரி. 'செய்தி இல்லை. மழை.'

சனிக்கிழமை காலை நான் விறாந்தையில் இருந்தபோது படியடியில் இரண்டு சோடிச் செருப்பு கழற்றப்படுகிற சத்தம் கேட்டது. அவள் முன்னால் வந்தாள். பின்னால் மெலிந்த, உயரமான ஒருவன். சேர்ட் அவனுடையதல்ல, தோளில் தொங்கியது. சவரம் செய்திருந்தான். தாடையில் ஒரு சின்னக் கீறல்.

மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள். "எடி, நேற்று ஏன் வரேல்லை? நாங்கள் இஞ்ச செத்துப்போனம்!"

"வியாழக்கிழமை பின்னேரமே விட்டுட்டாங்கள் அக்கா. கையால தடவிப் பாத்தான், உடனே உள்ளுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் குளிக்க வாத்துச் சாப்பாடு குடுத்தன். படுத்தவர் நேற்று முழுக்க எழும்பேல்லை. எழும்பினதும் ஊரடங்கு."

பஸ் புறப்பட்டபோது அவன் பாலையூற்றில் உறவினர் வீட்டுப் பாயில் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் ஒரு முழு நாள் வீணாகப் பயந்திருக்கிறோம். அவ்வளவு சந்தோசமாக வீணாகிய நாள் என் நாட்குறிப்புகளில் வேறில்லை. அந்த ஒற்றை வரிக்குக் கீழே அன்றே திருத்தம் எழுதினேன்.

சிவப்புக் கோடு இழுக்க வந்த பிரதம லிகிதர் அவனைக் கண்டார். கதிரையில் இருந்து, குடையை மடித்து, அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கோட்டை இழுக்காமலே பேனையை மூடிவிட்டு, திட்டத்தின் பிரதியை எடுத்தார். கையெழுத்தும் முத்திரையும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது என்ற வரியின் பக்கத்தில், 'ஆனால் ஒரே கரையில் இருத்தல் வேண்டும்' என்று எழுதினார். நான் திகதியில்லாத ஓரத்தைக் காட்டினேன். பெருமூச்சு விட்டு, திகதியும் போட்டார்.

லோஞ்சு மறுபடி ஓடும்வரை மிஸ் நகரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கினாள். இரண்டு தெரு தள்ளி. முத்திரையும் அங்கேதான். அவள் துணைக்கு வந்த பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது; தாயும் பிள்ளையும் சுகம். மிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து எங்களுக்குச் சொன்னாள்.

ஆனால் அன்றைய காலை எனக்கு நினைவிருப்பது வேறொன்றுக்காக. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். மேசன் வாங்கிலே இருந்து, இடது கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சேர்ட் பொக்கெற்றிலிருந்த கடதாசியை எடுத்தான். விரிக்கவில்லை. மடித்தபடியே முழங்காலில் வைத்து, முத்திரை இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினான். ஒரு தரம் மேலே, ஒரு தரம் கீழே. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தான். மறுபடி தடவினான். சீமெந்தில் பழகிய விரல். தடித்து வெடித்த தோல். அந்த மேடு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பவன்போல மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தான். நாங்கள் என்ன கதைத்தாலும் "ஓம்", "ஓம்" என்றானே தவிர விரலை எடுக்கவில்லை.

அவன் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இஞ்ச, உரஞ்சாதையுங்கோ! அழிஞ்சுபோனால் அந்த அக்கா திரும்பவும் கடல் தாண்ட வேணும்."

அவன் கையை எடுத்தான். வெட்கத்தோடு எங்களைப் பார்த்துச் சிரித்தான். கடதாசியைப் பொக்கெற்றில் வைத்தான். பிறகு, நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து, பொக்கெற்றுக்கு மேலாலேயே தடவினான்.